ஒரு ஊதாக் கோட்டின் அகலம்

தொப்பம்பட்டிக்குத் தெற்கே, பழனியைத் தாண்டி எழும் மலைகளின் மேல், 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல் சூரிய ஆய்வகம். ஏரியில் படகு விட்டு, பில்லர் ராக்ஸில் படமெடுத்துத் திரும்பும் பலருக்கு அது அங்கிருப்பதே தெரியாது.

அந்த ஆய்வகம் மலையேறக் காரணம் சமவெளியின் பசி. 1876-78இல் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது வலுத்தது. சென்னை வானாய்வகத்தில் இருந்த மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் பார்த்துவிட்டுக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899இல் ஆய்வகம் உருவானது. மழைக் கேள்விக்கு அங்கே நேரான பதில் கிடைக்கவில்லை. கேட்காத கேள்விகளுக்குக் கிடைத்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் பாடநூல்கள் சொல்வது அதைத்தான்.

1960இல் இந்த ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்த வைணு பாப்புவுக்கு வயது 32. சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் தொலைநோக்கியைச் சுற்றியே வளர்ந்தார். 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தான் எடுத்த புகைப்படத் தகட்டில் ஒரு வால்வெள்ளியைப் பிடித்தார். அது பாப்பு-போக்-நியூகிர்க் என்ற பெயர் பெற்றது. ஆனால் வால்வெள்ளி யார் கண்ணிலும் படலாம். அவர் பெயரை நிலைநிறுத்தியது வேறொன்று.

இரவில் பழனி சாலையில் எதிரே ஒரு விளக்கு தெரிகிறது. பக்கத்தில் வரும் மொபெட்டா, தொலைவில் வரும் லாரியா? வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விண்மீன்களிலும் இதே தொல்லைதான். உண்மையான ஒளிர்வு தெரிந்தால் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அதை எப்படித் தெரிந்துகொள்வது?

விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் நடுநடுவே கருங்கோடுகள் தெரியும். ஊதா முனையில், 393 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும் அகலமான கோடு கால்சியத்துடையது. பெயர் 'கே' கோடு. சூரியனைப் போன்ற, அல்லது அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களில், அந்தக் கருமைக்கு நடுவில் மெல்லிய வெளிச்சம் ஒன்று எட்டிப்பார்க்கும். மேற்பரப்புக்குச் சற்று மேலே உள்ள நிறமண்டலத்திலிருந்து வரும் ஒளி அது. கலிபோர்னியாவில் ஒலின் வில்சனும் பாப்புவும் 185 விண்மீன்களில் அந்த வெளிச்சக் கீற்றின் அகலத்தை அளந்தார்கள். மங்கலான குள்ள விண்மீன்களில் கீற்று ஒடுங்கியிருந்தது. பிரகாசமான பெரும் விண்மீன்களில் அகன்றிருந்தது. ஒளிர்வில் சுமார் 10 லட்சம் மடங்கு வேறுபாட்டுக்கும் இந்த ஒழுங்கு பிசகவில்லை. 1957இல் வெளியானது கட்டுரை. விளைவுக்கு வில்சன்-பாப்பு என்று பெயர். கீற்றின் அகலத்தை அளந்தால் ஒளிர்வும், அதிலிருந்து விண்மீனின் தூரமும் கைக்கு வந்துவிடும்.

ஏன் அப்படி? வாயுவின் கொந்தளிப்பே காரணம் என்று முதலில் நினைத்தார்கள். பெரும் விண்மீனில் ஈர்ப்பு குறைவு, அதனால் நிறமண்டலம் தடித்துவிடுகிறது, கீற்றும் அகல்கிறது என்ற விளக்கம் பின்னால் வலுப்பெற்றது.

விண்மீன்கள் வெறும் புள்ளிகளாகத்தான் தெரிகின்றன. முகத்தின் எந்தப் பகுதி அந்தக் கீற்றைத் தருகிறது என்று கூர்ந்து பார்க்க நமக்கு இருப்பது ஒரே விண்மீன்: சூரியன். கொடைக்கானலில் 1904 முதலே கே கோட்டின் ஒளியில் மட்டும் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். கண்ணாடி வழியே வரும் சூரிய பிம்பம் ஒரு மெல்லிய பிளவின் மேல் நகரும். இரண்டாவது பிளவு கால்சிய ஒளியை மட்டும் தகட்டுக்கு விடும். கீற்றுக் கீற்றாக முழு வட்டமும் பதியும். வெறும் கண்ணுக்குத் தெரியாத வலைப்பின்னலும் பொட்டுப் பொட்டான வெளிச்சமும் அதில் தெரியும். பின்னர் வந்த சுரங்கத் தொலைநோக்கி இன்னும் நுட்பமானது. 11 மீட்டர் கோபுரத்தின் மேலிருக்கும் கண்ணாடிகள் வெயிலைச் சுமார் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்ப, 34 செ.மீ. அகலத்தில் சூரியன் விழும். பாப்புவும் கே.ஆர். சிவராமனும் சூரியனின் அந்த நுண்பொட்டுகளின் நிறமாலையை ஆராய்ந்து, கீற்றின் அகலத்தைத் தீர்மானிப்பவை அவையே என்று 1971இல் எழுதினார்கள். தொலைதூர விண்மீன்களில் அகப்பட்ட விதிக்கு விளக்கம் தேடிச் சூரியனுக்கே திரும்பி வந்த இந்தப் போக்குதான் பாப்புவின் ஆய்வில் மிக அழகானது.

கொடைக்கானல் இரவுகளில் மேகம் அதிகம். விண்மீன்களுக்காக அவர் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கி வந்தது. உள்நாட்டிலேயே 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றைச் செய்யவும் தொடங்கினார். வேலை முடியும் முன்பே, 1982 ஆகஸ்டில், மியூனிக்கில் இறந்தார். அப்போது அவர் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவர். 1986இல் திறக்கப்பட்ட அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

கொடைக்கானலின் பழைய தகடுகள் இப்போது கணினிக்கு ஏறிவிட்டன. காந்தப்புலம் வலுத்த இடங்களில் கால்சிய ஒளி கூடும். சூரியக் காந்தப்புலத்தை நாள்தோறும் படமெடுக்கும் கருவிகள் வருவதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் சூரியன் எப்படி நடந்துகொண்டது என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள், இந்தக் கே கோட்டுப் படங்களைத்தான் தேடி வருகிறார்கள்.