வாசலில் 20 விநாடி

சங்க நூலகத்தின் பழைய மலர்களை வீட்டிலிருந்தே பிழை திருத்தித் தரும் அன்பர்களுக்குச் சில மாதங்களாக ஒரு தொல்லை. நூலகத்துச் சர்வருக்குள் நுழைய முயன்றால், அது கடவுச்சொல்லைக் கேட்பதற்கே 20 விநாடி ஆயிற்று. மூத்த அன்பர் ஒருவர், தம் கணினியும் தம்மைப் போலவே மூப்படைந்துவிட்டது என்று எண்ணிப் பணியையே நிறுத்திக்கொண்டார். நிர்வாகக் கமிட்டியோ, சந்தாப் பணத்தில் வேகமான இணைப்பு வாங்கத் தீர்மானம் எழுதும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்கு முன் ஒரு ஞாயிறன்று நாமே உட்கார்ந்து பார்த்தோம்.

இந்த நுழைவு முறைக்கு எஸ்.எஸ்.எச். என்று பெயர். பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையில் சென்ற கடவுச்சொற்கள் களவு போனதைக் கண்டு, டாட்டு இலோனென் என்பவர் 1995-ல் இதை இயற்றினார். முன்பு வழங்கிய டெல்நெட்டில் கடவுச்சொல் தபால் கார்டு போலத் திறந்தே சென்றது. ஆகையால், பாதுகாப்பை எடுத்துவிட்டால் வேகம் வரும் என்று ஒரு நண்பர் கூறிய யோசனையை நாம் ஏற்கவில்லை.

உள்ளே சென்ற பின் தாமதமே இல்லை; பெரிய கோப்புகளும் தடையின்றி வந்தன. வாசலில் மட்டும் தாமதம். அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. வலை மந்தமாக இருந்தால் நேரம் கூடிக் குறையும். கணக்காக ஒரே அளவு நிற்கிறதென்றால், எதுவோ எதற்காகவோ காத்திருக்கிறது என்று கொண்டோம். கட்டளையோடு '-வி' சேர்த்து, நடப்பதை வரிவரியாகக் காட்டச் செய்தோம். இரகசியச் சாவிகள் நொடியில் பரிமாறப்பட்டன. அடுத்து, வந்தவர் யார் என்று சோதிக்கும் கட்டத்தில் எல்லாம் நின்றது.

வந்தவரின் எண் முகவரியைக் கொண்டு பெயரை விசாரிக்கும் வழக்கம் அந்தச் சர்வரில் இருந்தது. விருந்தாளியை வாசலில் நிறுத்திவிட்டு, அவருடைய ஊருக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும் காவற்காரரைப் போல! பதில் வராவிட்டாலும் உள்ளே விட்டுவிடுவார் என்பதுதான் வேடிக்கை. விசாரித்த இடமோ இப்போது இல்லை. இணைய இணைப்பை மாற்றியபோது, பழைய பெயர்ச் சர்வர்கள் இரண்டின் முகவரிகளும் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் அப்படியே தங்கிவிட்டன. ஒவ்வொன்றிடமும் 5 விநாடி வீதம் இரு முறை கேட்டால், ஆக 20.

'யூஸ்டிஎன்எஸ்' என்ற வரியில் 'நோ' என்று எழுதினால் விசாரணை நின்றுவிடும். 2015-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 6.8 முதல் அதுவே இயல்பு நிலை. நமது சர்வரில் பழைய கோப்பை அப்படியே நகலெடுத்திருந்தோம். ஆனால் அதை மட்டும் செய்வது அரைகுறை வைத்தியம் என்பது நமது கருத்து. செத்த முகவரிகள் இருக்கும்வரை அந்தச் சர்வரில் வேறு வேலைகளும் தடுமாறும். ஆகவே முகவரிகளையும் திருத்தினோம். மாற்றத்தைச் சோதிக்கும்வரை, முன்பே திறந்திருந்த ஓர் இணைப்பை மூடாமல் வைத்திருந்தோம். தவறு நேர்ந்தால் நாமே வெளியில் நிற்க நேரிடுமல்லவா?

செலவு ஒரு காசும் இல்லை. மூத்த அன்பருக்கு அன்று மாலையே தொலைபேசியில் சொன்னோம். கணினி மேல் வீண்பழி சுமத்திவிட்டேனே என்று சிரித்தவர், இரவுக்குள் எட்டுப் பக்கம் திருத்தி அனுப்பிவிட்டார்.