மெழுகில் பிறக்கும் விமானம்

‘ஆர்டர் கொடுத்த விமானத்துக்கு ஏன் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்?’ என்று தென்காசி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மகளுக்கு விமானம் செய்ய ஆசையாம்.

2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களும் இண்டிகோ 500 விமானங்களும் கேட்டன. அடுத்த 20 ஆண்டுகளில் உலகுக்கு 40,000-க்கு மேல் புது விமானங்கள் வேண்டும் என்பது ஏர்பஸ், போயிங் இரண்டின் கணிப்பு. ஆனால் 2025 நடுவில் சுமார் 60 ஏர்பஸ் விமானங்கள் உடம்பெல்லாம் முடிந்து, இன்ஜின் வராமல் நின்றன. இன்ஜினுக்கான வார்ப்புகள் போதாததும் அதற்கு ஒரு காரணம்.

அந்த வார்ப்புகளில் என்னை மயக்கியது, இன்ஜினுக்குள் சுழலும் டர்பைன் பிளேடு. உள்ளங்கையில் அடங்கும். அதன்மேல் பாயும் வாயு, அந்த உலோகமே உருகும் சூட்டைவிடச் சூடானது. பிளேடின் வயிற்றுக்குள் நெளிந்தோடும் காற்று அதை உருகாமல் காக்கிறது.

செய்யும் விதம் நமக்குத் தெரிந்ததுதான். சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசியதைப் பார்த்திருக்கிறேன். இங்கே வண்டலுக்குப் பதில் பீங்கான் கூழ், வெண்கலத்துக்குப் பதில் நிக்கல் கலவை. அச்சின் அடியில் மட்டும் பன்றிவால்போலச் சுருண்ட சிறு வழி ஒன்று உண்டு. மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, அச்சை உலையிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்குவார்கள். அடியில் கல்கண்டுபோல நிறையப் படிகங்கள் முளைக்கும். சுருளில் முண்டியடித்து ஒன்றே ஒன்றுதான் மேலே வரும். பிளேடு முழுக்க அதுவே வளரும். படிகங்கள் ஒட்டுமிடம்தான் கடும் சூட்டில் முதலில் விட்டுப்போகும். இதில் ஒட்டே கிடையாது!

இதைச் செய்யத் தெரிந்த நாடுகள் சிலவே. ஹைதராபாத்தில் உள்ள, நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகம் ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக இத்தகைய 60 பிளேடுகளைச் செய்து கொடுத்ததாக 2021-இல் அறிவித்தது. எத்தனை பேர் அதைப் பேசினோம்? விமானம் வாங்கினால் கொண்டாடுகிறோம். பிள்ளை பவுண்டரி வேலைக்குப் போகிறேன் என்றால் முகம் சுளிக்கிறோம். உலோகத்தோடு பழகிய கைகள் இல்லாமல் எந்தப் படிப்பும் இன்ஜின் செய்து தராது.

“மண்ணு காயட்டும், அவசரப்பட்டா அச்சு வெடிச்சிடும்” என்றார் அந்த ஸ்தபதி. அம்மா, உங்கள் மகளை விமான நிலையத்துக்கு அழைத்துப் போகுமுன் அந்தப் பட்டறையில் ஒரு நாள் உட்கார வையுங்கள்.