இரண்டு கை திருகும் கடிகாரம்

விழுப்புரம் சந்திப்போ திண்டிவனமோ, ரயில் நிலையக் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஓட முடியாது. முக்கிய நிலையங்களுக்கு நாள்தோறும் மாலை 4 மணிக்குச் சரியான நேரம் அறிவிக்கப்பட வேண்டும் என்பது ரயில்வேயின் பொது விதி. 1906இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன்பு ரயில்கள் ஓடியது சென்னை நேரப்படி. இன்றைய நேரத்துக்கு அது சுமார் 9 நிமிடம் பிந்தியது. பிந்தினாலும் பாதகமில்லை, எல்லா நிலையங்களுக்கும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம்.

கணினிகளுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். அவற்றுள் நேரத்தை எண்ணும் குவார்ட்ஸ் படிகம் வெப்பத்துக்கும் வயதுக்கும் ஏற்பப் பிசகும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 விநாடி தவறிவிடும். அதைத் திருத்த, பின்னணியில் ஒரு சேவை ஓடுகிறது. டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட என்டிபி நெறிமுறைப்படி, அது நேர சர்வர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சிறு பிழை என்றால் நேரத்தைத் தடாலென்று மாற்றாது; கடிகாரத்தின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ மெல்லச் சரிக்கட்டும்.

லினக்ஸில் இந்த வேலைக்கு சிஸ்டம்டி-டைம்சிங்க்டி, க்ரோனி, பழைய என்டிபிடி எனப் பலர் உண்டு. இரண்டு பேர் ஒன்றாக ஓடினால், ஒருவர் செய்த திருத்தம் மற்றவர் கண்ணுக்குப் படிகத்தின் பிசகாகத் தெரியும். அவர் எதிர்த்திசையில் திருகுவார். பிழைச்செய்தி எதுவும் வராமல் நேரம் ஊசலாடும்.

அதனால்தான் டெபியன், உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் க்ரோனியை நிறுவினால் டைம்சிங்க்டி தானே நீக்கப்படுகிறது. ஃப்ரீஐபிஏ என்ற பயனர் மேலாண்மை மென்பொருளின் பழைய பதிப்புகள் என்டிபிடியைத்தான் நம்பின. அவற்றின் சர்வர் நிறுவி, க்ரோனி ஓடுவதைக் கண்டால் எச்சரித்துவிட்டு அதை முடக்கிவந்தது. கிளையன்ட் நிறுவியோ, நாம் கட்டாயப்படுத்தினால் ஒழிய க்ரோனியில் கை வைத்ததில்லை. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது மரியாதைதான். 4.7 பதிப்பிலிருந்து ஃப்ரீஐபிஏவே க்ரோனிக்கு மாறிவிட்டது. இத்தனை கவலைக்கும் காரணம், அது நம்பியிருக்கும் கெர்பராஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை: வழக்கமான அமைப்பில், இரு கணினிகளின் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்ளே விடாது.

நிறுவியின் கண்ணில் படாத போட்டியாளரும் உண்டு. புதிதாக லினக்ஸ் பழகுகிறவர்கள் பலர் விண்டோஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் தொடங்குவார்கள். அதன் துணைக்கருவிகளை நிறுவினால், அவையும் வெளிக்கணினியின் நேரத்தை உள்ளே எழுதும். க்ரோனியை நிறுவும்போது இந்த ஏற்பாடு தானாக நீங்காது. இரண்டில் ஒன்றை நாமே அணைக்க வேண்டும்.