24 கே.பி நினைவகம், 400 வார்த்தைகள்... கால்குலேட்டருக்குள் ஒரு சொல் விளையாட்டு!

அமெரிக்கப் பள்ளிகளில் பல வகுப்புகளில் காணக்கூடிய காட்சி இது. செல்போன்கள் பைக்குள் போய்விடும். மேஜை மேல் மிஞ்சுவது நோட்டு, பேனா, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு கால்குலேட்டர். கொடுத்த கணக்கை முடித்துவிட்ட மாணவர் அதில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார். எட்டிப் பார்த்தால் திரையில் எண்கள் இருக்காது. ஓர் ஆங்கிலச் சொல், அதன் கீழே நான்கு அர்த்தங்கள். சரியானதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மதிப்பெண். தவறினால் அதே சொல் சீக்கிரமே மறுபடி வந்து நிற்கும்.

கடையில் வாங்கிய விளையாட்டல்ல இது. யாரோ ஒருவர் பொழுதுபோக்காக உட்கார்ந்து எழுதி, கேபிள் வழியாக நண்பர்களுக்குக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான சொற்களைத் தரும் ஆப்கள் செல்போனில் இலவசமாகவே கிடைக்கும்போது, கால்குலேட்டரோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? அதற்குப் பதில், அந்தக் கருவியின் போதாமையில்தான் இருக்கிறது.

கணக்குக் கருவியா, குட்டிக் கணினியா?

நம் ஊர் இன்ஜினீயரிங் மாணவர்களின் கையில் இருப்பது சயின்டிஃபிக் கால்குலேட்டர். கிராஃபிங் கால்குலேட்டர் அதற்கு அண்ணன். சமன்பாட்டைக் கொடுத்தால் திரையில் வரைபடமாகவே போட்டுக் காட்டும். 1985-ல் கேசியோ நிறுவனம் எஃப்.எக்ஸ்-7000ஜி என்ற மாடலோடு இந்தக் கதையைத் தொடங்கிவைத்தது. 1990-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், டி.ஐ-81 மாடலோடு களத்தில் இறங்கியது. 1999-ல் வந்த டி.ஐ-83 பிளஸ், 2004-ல் வந்த டி.ஐ-84 பிளஸ் ஆகியவை அமெரிக்க மாணவர்களுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் மாதிரி பழகிப்போன பெயர்கள்.

டி.ஐ-83 பிளஸ்ஸுக்குள் இருப்பது 1976-ல் அறிமுகமான இசட்80 சிப்பின் வம்சம். வேகம் 6 மெகாஹெர்ட்ஸ். பயன்படுத்தக் கிடைக்கும் ரேம் சுமார் 24 கே.பி. செல்போனில் எடுக்கும் ஒரு சாதாரண போட்டோகூட அதற்குள் அடங்காது. திரையில் 96-க்கு 64 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. எழுத்தாகப் பார்த்தால் 8 வரிகள், வரிக்கு 16 எழுத்துகள்.

ஆனால், இந்தக் கருவிக்குள்ளேயே 'டி.ஐ பேசிக்' என்ற நிரல் மொழி இருக்கிறது. தனியாகக் கணினி தேவையில்லை. பட்டனைத் தட்டித் தட்டியே புரோகிராம் எழுதலாம், அங்கேயே ஓட்டியும் பார்க்கலாம். போரடிக்கும் வகுப்புகளில் இப்படித் தட்டித்தான் பலருக்கும் நிரல் எழுதவே பழக்கமானது.

14 எழுத்துக்குள் ஓர் அர்த்தம்

சொல் விளையாட்டை எழுத உட்காருபவருக்கு முதல் சவால் நிரல் அல்ல, திரை. வரிக்கு 16 எழுத்துதான். விடையின் முன்னால் '1' என்ற எண்ணும் ஒரு முக்காற்புள்ளியும் போட்டால் மிஞ்சுவது 14. ஒவ்வொரு சொல்லின் அர்த்தமும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

'ஃப்ரூகல்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். சிக்கனமான என்று பொருள். அகராதி ஒன்றரை வரிக்கு விளக்கம் தரலாம், அதை அப்படியே போட இங்கே இடம் கிடையாது. யோசித்து, வெட்டி, 'நாட் வேஸ்ட்ஃபுல்' என்று சுருக்கினால் ஆங்கிலத்தில் இடைவெளியோடு 12 எழுத்து. அப்பாடா, அடங்கிவிட்டது!

அடுத்தது தவறான விடைகள். சம்பந்தமே இல்லாத மூன்றைப் போட்டால் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். 'கஞ்சத்தனமான' என்பதை ஒரு விடையாக வைத்தால்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்ற நுணுக்கம் ஆடுபவருக்கு அங்கேதான் உறைக்கும். அதற்கு முன்பே, விளையாட்டை எழுதியவருக்கு உறைத்திருக்கும். ஒவ்வொரு சொல்லையும் இப்படி உருட்டிப் பார்த்துச் சுருக்குபவர், விளையாட்டு முடிவதற்குள் பாதிச் சொற்களைப் படித்தே முடித்திருப்பார்.

பத்துப் பெட்டிக்குள் நானூறு சொற்கள்

அடுத்து, சொற்களை எங்கே வைப்பது? டி.ஐ பேசிக்கில் எழுத்துகளைச் சேமிக்க இருப்பவை பத்தே பத்துப் பெட்டிகள். அவற்றில் இரண்டை நிரலின் சொந்த வேலைக்கு ஒதுக்கினால் மிச்சம் எட்டு. ஒவ்வொன்றிலும் 50 சொற்கள் வைத்தால் மொத்தம் 400.

சொல்லுக்கு 12 இடம், அர்த்தத்துக்கு 14 இடம் என்று அளவைக் கட்டாயமாக்கிவிட்டால் ஒரு சொல்லுக்கு 26 இடம். குறைந்தால் வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும். ஏழாவது சொல் வேண்டுமென்றால் 26-ஐ ஆறால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் போதும், 157-வது இடத்தில் அது தயாராக நிற்கும். பெரிய எழுத்துக்கு ஓர் இடம் ஒரு பைட். ஆக, 400 சொற்களுக்கு 10,400 பைட். சிறிய எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு பைட் பிடித்துக்கொள்ளும். அதனால் பெரிய எழுத்திலேயே எழுதுவதுதான் சிக்கனம்!

இத்தனையையும் கால்குலேட்டரிலேயே தட்டச்சு செய்வது தனித் தவம். கணினி விசைப்பலகை போன்ற வரிசை அதில் இல்லை. 'ஆல்ஃபா' பட்டனை அழுத்தினால், கணக்குப் பட்டன்களே அகர வரிசைப்படி ஏ, பி, சி என்று எழுத்துகளாக மாறும். ஒரு சொல்லுக்கும் அர்த்தத்துக்கும் சேர்த்து 20 எழுத்து என்றாலும் 400 சொற்களுக்கு 8,000 தட்டல்கள். பொறுமை இல்லாதவர்கள் கணினியில் தட்டி, கேபிள் வழியாக ஏற்றிக்கொள்வார்கள்.

தெரியாத சொல் திரும்ப வரும்

வெறும் வினாடி வினா என்றால் இரண்டு நாளில் சலித்துவிடும். நல்ல சொல் விளையாட்டின் உயிர், எந்தச் சொல்லை எப்போது மறுபடி கேட்பது என்பதில் இருக்கிறது. படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதைத் தன்னையே சோதித்துப் பார்த்து, ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே நூலாக எழுதிவிட்டார். 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர், அட்டைகளையும் சில பெட்டிகளையும் வைத்து எளிய வழி ஒன்றைப் பிரபலமாக்கினார். சரியாகச் சொன்ன சொல் அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பிவிடும். முதல் பெட்டியை அடிக்கடி எடுக்க வேண்டும், கடைசிப் பெட்டியை எப்போதாவது எடுத்தால் போதும்.

இதைக் கால்குலேட்டரில் கொண்டுவருவது சுலபம். ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக 1 முதல் 5 வரை ஓர் எண். அந்த எண்களை ஒரு பட்டியலில் போட்டுவைத்தால், கருவியை அணைத்தாலும் அழியாது. ஓர் எண்ணுக்கு 9 பைட் வீதம் 400 சொற்களுக்கு 3,600 பைட். சொற்களையும் சேர்த்தால் 14,000 பைட். நிரல் எழுத இன்னும் தாராளமாக இடம் இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் வரும். டி.ஐ-83 பிளஸ்ஸில் கடிகாரம் கிடையாது. 'மூன்று நாள் கழித்துக் கேள்' என்று அதனிடம் சொல்ல முடியாது. அதனால் நாளுக்குப் பதில் ஆட்டத்தை எண்ண வேண்டும். முதல் பெட்டிச் சொற்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும், இரண்டாம் பெட்டி இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை, மூன்றாம் பெட்டி நான்குக்கு ஒருமுறை. எத்தனையாவது ஆட்டம் என்பதை 'எக்ஸ்' என்ற மாறியில் வைத்தால் போச்சு! அடுத்த வகுப்பில் ஒரு வரைபடம் போட்டதுமே அந்த மதிப்பு மாறிவிடும். 'எல்1' பட்டியலில் வைத்தால், புள்ளியியல் பாடம் நடத்தும் நாளில் அதன் மேலேயே புது எண்கள் ஏறிவிடும். பாடத்தின் கை படாத, தனிப் பெயர் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கி வைப்பதுதான் பாதுகாப்பு. இதையெல்லாம் பலர் ஒருமுறை பறிகொடுத்த பிறகே கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு தப்பு... எல்லாம் காலி!

டி.ஐ பேசிக் மெதுவான மொழி. மேலிருந்து எழுத்துகள் மழையாகக் கொட்டும் விளையாட்டை அதில் எழுதினால் திரை திணறும். வேகம் வேண்டுமென்றால், சிப்புக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழிக்குப் போக வேண்டும். அங்கே தவறு செய்தால் தட்டிக்கேட்க ஆளில்லை. கருவி உறைந்துபோகும், அல்லது 'ரேம் கிளியர்டு' என்ற செய்தி திரையில் வரும். ரேமில் இருந்த சொற்கள், பட்டியல், நிரல் எல்லாம் போயே போச்சு. அழியாத ஆர்கைவ் நினைவகத்தில் பிரதி வைக்காதவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நினைவகம் அழிய இன்னொரு காரணமும் உண்டு. தேர்வு.

தேர்வறையின் சந்தேகம்

அமெரிக்காவில் கல்லூரி சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி தேர்வில் 1994 முதல் கணிதப் பகுதிக்குக் கால்குலேட்டர் அனுமதிக்கப்பட்டது. 400 சொற்களின் அர்த்தத்தைச் சேமிக்கும் கருவி, 400 சூத்திரங்களையும் சேமிக்கும். ஆசிரியர்களின் கவலை நியாயமானது. தேர்வுக்கு முன் நினைவகத்தை அழிக்கச் சொல்லும் வழக்கம் வந்தது. அழிக்காமலே, அழித்தது போலத் திரையில் காட்டும் போலி நிரல்களை மாணவர்கள் எழுதினார்கள். பின்னர் வந்த மாடல்களில், நிரல்களைத் தற்காலிகமாக முடக்கும் தேர்வு வசதியை நிறுவனமே சேர்த்தது.

2020-ல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. வண்ணத் திரை கொண்ட டி.ஐ-84 பிளஸ் சி.இ மாடலுக்கான புதிய மென்பொருளில், அசெம்பிளி, சி மொழி நிரல்களை ஓட்டும் வசதியையே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் எடுத்துவிட்டது. தேர்வுப் பூட்டைத் தாண்டும் வழிகள் வெளியே தெரியவந்த நேரம் அது. பொழுதுபோக்கு நிரலாளர்கள் கொதித்தார்கள், அதே ஆண்டிலேயே மாற்று வழியும் கண்டுபிடித்தார்கள். டி.ஐ பேசிக்கில் கை வைக்கப்படவில்லை. 2021-ல் பைத்தான் மொழி கொண்ட பதிப்பும் வந்தது. ஆனாலும், ஒருசிலர் செய்யும் காப்பிக்காக எல்லோருடைய ஆர்வத்துக்கும் பூட்டு போடலாமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. பூட்டு இல்லாமல் தேர்வை நியாயமாக நடத்துவது எப்படி என்பதற்கும் எளிதான விடை இல்லை.

2024-ல் அமெரிக்காவில் எஸ்.ஏ.டி தேர்வே கணினித் திரைக்கு மாறியது. வரைபடம் போடும் கால்குலேட்டர் அந்தத் திரையிலேயே இருக்கிறது. சொந்தக் கருவியைக் கொண்டுபோகவும் அனுமதி உண்டு. ஆனால், அதை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்திருக்கிறது. அதே 2024-ல், இசட்80 சிப்பின் பழைய தனி வடிவத் தயாரிப்பை நிறுத்துவதாக ஸைலாக் நிறுவனமும் அறிவித்தது.

தமிழில் முடியுமா?

இந்தக் கருவிகளில் தமிழ் எழுத்துரு இல்லை. ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து சேர்க்க வேண்டும். ஆங்கில எழுத்து உட்காரும் சின்னக் கட்டத்துக்குள் 'ஞ'வையும் 'ணை'யையும் அடைப்பது லேசான வேலையல்ல. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் யாருக்காவது கை துறுதுறுத்தால், செய்வதற்கு வேலை நிறையவே இருக்கிறது.

கால்குலேட்டர் கையில் இல்லாதவர்களும் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பிள்ளைக்குப் புதுச் சொற்கள் பழக வேண்டுமா? விளையாட்டைத் தேடித் தருவதற்குப் பதில், ஒரு விளையாட்டை உருவாக்கச் சொல்லுங்கள். பழைய காலண்டர் அட்டையை வெட்டிச் செய்த சீட்டுகள் போதும். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் 14 எழுத்துக்குள் அர்த்தம், கூடவே ஏமாற்றும் மூன்று தவறான விடைகள். பத்துச் சீட்டு எழுதி முடித்ததும், முதல் சீட்டிலிருந்து கேட்டுப் பாருங்கள். திருப்பிப் பார்க்காமலே பதில் வரும்!