கல்லீரல் புற்றுநோயாளிகளின் காலில் செந்நீலப் புள்ளிகள்: ரத்தநாள அழற்சி ஏற்படுவது ஏன்?

புது தில்லி: கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரின் கால்களில் செந்நீலப் புள்ளிகள் தோன்றினால், மருந்து ஒவ்வாமை என்றோ தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்றோ கருதி விட்டுவிடுவது எளிது. பல நேரங்களில் அதுவே உண்மையாகவும் இருக்கும். ஆனால், அரிதாகச் சிலருக்கு அவை ரத்தநாளச் சுவரில் ஏற்பட்ட அழற்சியின் அடையாளமாகும்.

தட்டணுக் குறைவால் வரும் புள்ளிகள் தட்டையாக இருக்கும். அழற்சியால் வருபவை, தடவிப் பார்த்தால் பெரும்பாலும் மேடாகத் தட்டுப்படும். தோல் திசுப் பரிசோதனையே இதை உறுதிசெய்யும்.

புற்றுக்கட்டியே அழற்சியைத் தூண்டுவது அபூர்வம். எனவே, இரு நோய்களுக்கும் பொதுவான காரணம் உள்ளதா என்பதை மருத்துவர்கள் ஆராய்கின்றனர். அந்தக் காரணம் ஹெபடைடிஸ் பி அல்லது சி வைரஸாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கி கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் இவ்வைரஸ்களுக்கு எதிராக உருவாகும் புரதங்கள், ரத்தநாளச் சுவரில் படிந்து அழற்சியைத் தூண்டக்கூடும். பி வகையில் நடுத்தரத் தமனிகள் தாக்கப்பட்டு வயிற்றுவலி, உயர் ரத்த அழுத்தம், நரம்புப் பாதிப்பு ஏற்படலாம். சி வகையில், குளிரில் திரளும் கிரையோகுளோபுலின் என்ற புரதம் சிறு நாளங்களில் படிவதால் தோல், மூட்டு, சிறுநீரகம் ஆகியவை பாதிக்கப்படலாம்.

அடெசோலிசுமாப் போன்ற நோய் எதிர்ப்பு சிகிச்சை மருந்துகளும் மிக அரிதாக இந்த அழற்சியை ஏற்படுத்துவதுண்டு. அப்போது அம்மருந்தை நிறுத்திவைக்க நேரிடலாம்.

காரணத்தைக் கண்டறியாமல் சிகிச்சையைத் தொடங்குவதில்தான் ஆபத்து உள்ளது. அழற்சிக்கு வழக்கமாகத் தரப்படும் ஸ்டீராய்டு, ஹெபடைடிஸ் பி வைரஸ் மீண்டும் பெருக வழிவகுக்கும். ஏற்கெனவே நலிந்த கல்லீரல் செயலிழக்கவும் கூடும். ஆகவே முதலில் வைரஸ் பரிசோதனை, தேவையெனில் கூடவே வைரஸ் எதிர்ப்பு மருந்து என்பதே முறை. சி வகைக்கு இப்போதுள்ள மாத்திரைகள் பெரும்பாலும் 12 வாரங்களில் வைரஸை அகற்றுகின்றன. அதன்பின் பலருக்கு அழற்சியும் தணிகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022-இல் இந்தியாவில் சுமார் 2.98 கோடி பேருக்கு ஹெபடைடிஸ் பி, 55 லட்சம் பேருக்கு சி பாதிப்பு இருந்தது. 2018-இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இவ்விரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

புள்ளிகளுடன் கடும் வயிற்றுவலி, கை, கால் மரத்துப்போதல், சிறுநீரில் ரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.