‘பி’யில் போட்டால் போதுமா?

சந்தைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறீர்கள். வாசலில் காரை நிறுத்துகிறீர்கள். கியர் கம்பியை ‘பி’ என்ற எழுத்துக்குத் தள்ளிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே இறங்கிப் போய்க் கேட்டைத் திறக்கிறீர்கள். சாமான்களை எடுக்க உங்கள் மனைவி காரின் பின்பக்கம் போகிறார். அப்பா வந்துவிட்டார் என்று பிள்ளைகளும் அங்கே ஓடி வருகிறார்கள்.

இதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். ‘பி’யில் போட்டாயிற்றே, கார் எங்கே போகப் போகிறது?

அப்படித்தான் அமெரிக்காவில் பல இலட்சம் பேர் நம்பினார்கள். அவர்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான். இன்று நம் பிள்ளைகள் பட்டணத்தில் வேலைக்குப் போய், மாதத் தவணை கட்டிச் சொந்தமாகக் கார் வாங்குகிறார்கள். பெரும்பாலும் தானியங்கிக் கியர் கார். ஆகவே இது நமக்கும் உரிய பாடம்.

‘பி’ என்பது என்ன?

தானியங்கிக் கியர் பெட்டிக்குள் பற்கள் கொண்ட ஒரு சக்கரம் இருக்கிறது. கம்பியை ‘பி’க்குத் தள்ளும்போது ஒரு சிறிய இரும்புக் கொக்கி அந்தப் பற்களுக்கிடையில் போய் விழுகிறது. சக்கரம் பூட்டிக்கொள்கிறது. கார் நிற்கிறது. கொக்கி சரியாக விழவில்லையென்றால் கார் பூட்டப்படவில்லை என்றுதான் பொருள். கம்பி எந்த எழுத்தைக் காட்டினாலும் சரி, உள்ளே நடப்பதுதான் கணக்கு.

1966 முதல் 1980 வரை ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தானியங்கிக் கியர் கார்களைப் பற்றித்தான் பெரும் புகார் எழுந்தது. ‘பி’க்கும், பின்னால் போகும் ‘ஆர்’ கியருக்கும் நடுவில் கம்பி தங்கிவிடுகிறது என்றார்கள் புகார் செய்தவர்கள். ஓட்டுபவர் ‘பி’யில் விழுந்துவிட்டது என்று நினைத்து இறங்குகிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவை ஓங்கிச் சாத்தினாலோ, எஞ்சின் அதிர்ந்தாலோ கம்பி ‘ஆர்’ பக்கம் நழுவிவிடுகிறது. மேட்டில் நின்ற கார் தானே உருள்வது வேறு. இது எஞ்சின் வேகத்தோடு பின்னால் பாய்வது. ஓடிப்போய் ஏறி நிறுத்த நேரம் ஏது?

1980-ஆம் ஆண்டுக்குள் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு வந்து சேர்ந்த புகார்கள் ஏறக்குறைய 23,000. அவற்றில் சொல்லப்பட்ட விபத்துகள் 6,000. காயமடைந்தவர்கள் 1,710 பேர். உயிரிழந்தவர்கள் 98 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? சிறு பிள்ளைகளும் முதியவர்களும்தான். சட்டென்று விலகி ஓட முடியாதவர்கள் அவர்கள்தானே!

கிடைத்தது ஓர் ஒட்டுச்சீட்டு

காரில் குறையில்லை, ஓட்டுபவர்கள் கம்பியைச் சரியாகப் போடாததுதான் காரணம் என்று நிறுவனம் வாதாடியது. ஆனால் ஒரே மாதிரியான தவறை ஆயிரக்கணக்கானவர்கள் செய்கிறார்கள் என்றால், அந்தத் தவறுக்கு இடம் கொடுக்கும் பொருளையும் பார்க்க வேண்டாமா? 1980-ஆம் ஆண்டு ஜூன் மாதம், இந்தக் கார்களில் பாதுகாப்புக் குறை இருப்பதாக அரசு நிர்வாகம் முதற்கட்ட முடிவு கூறியது.

இனி எல்லாக் கார்களையும் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுப்பார்கள் என்றே உரிமையாளர்கள் எதிர்பார்த்தார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு வழியும் இருந்தது. பாதுகாப்புக் குறை உறுதியானால், உற்பத்தியாளர் தம் சொந்தச் செலவில் பழுது நீக்கித் தர வேண்டும் என்று 1974-இல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள்.

ஆனால் 1980 டிசம்பர் இறுதியில் அரசும் நிறுவனமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் கார்களின் உரிமையாளர்களுக்கு நிறுவனம் ஓர் ஒட்டுச்சீட்டை அஞ்சலில் அனுப்பியது. கம்பி ‘பி’யில் நன்றாக விழுந்ததா என்று பாருங்கள், கைப்பிரேக்கை முழுதாக இழுங்கள், எஞ்சினை அணையுங்கள் என்பதே அதன் சாரம். அதைக் காரில் முன்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். கியர் பெட்டியில் யாரும் கை வைக்கவில்லை.

கார் பாதுகாப்புக்காகப் போராடி வந்த ஒரு பயனீட்டாளர் அமைப்பு இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 1982-இல் அந்த வழக்கு தோற்றது.

சீட்டை வாங்கியவர்கள் எத்தனை பேர் ஒட்டியிருப்பார்கள்? காரை விற்றபோது எத்தனை பேர் அடுத்தவரிடம் சொல்லியிருப்பார்கள்? பழைய காரை வாங்கிய ஏழைக்கு அந்தச் சீட்டு போய்ச் சேர்ந்திருக்குமா? எண்ணிப் பாருங்கள்.

காலம் மாறியது, ஆபத்து மாறவில்லை

இது பழைய கதை, இப்போதுள்ள கார்களில் எல்லாம் கணினி என்று சொல்லலாம். 2016-ஆம் ஆண்டைப் பாருங்கள். ஜீப் கிராண்ட் செரோக்கி போன்ற சில கார்களில் புதுவகைக் கியர் கம்பி வந்தது. தள்ளினால் தள்ளிய இடத்தில் நிற்காது, கையை விட்டதும் நடுவுக்கே திரும்பிவிடும். எந்தக் கியரில் இருக்கிறோம் என்பதைக் கை உணராது. ‘பி’யில் போட்டதாக எண்ணி இறங்கியவர்களின் கார்கள் உருண்டு போயின. அந்த ஆண்டு ஏப்ரலில் 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது.

ஜூன் 19-ஆம் நாள், ஆன்டன் யெல்ச்சின் என்ற 27 வயதுத் திரைப்பட நடிகர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் வீட்டு வாசலிலேயே இறந்து கிடந்தார். சரிவில் நின்ற அவருடைய சொந்தக் கார் உருண்டு வந்து அவரைச் சுவர்த்தூணோடு நசுக்கிவிட்டது. அவர் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. காரைத் திரும்ப அழைக்கும் கடிதம் அவர் இறந்து ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்ததாக அந்தக் குடும்பத்தின் தரப்பில் சொன்னார்கள். பிறகு அந்தக் கார்களுக்குச் செய்த திருத்தத்தால், ஓட்டுபவர் மறந்துபோய்க் கதவைத் திறந்து இறங்க முயன்றால் கார் தானாகவே ‘பி’க்குப் போய்விடும். இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றுகிறது.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 29 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. கியர் கம்பியின் கேபிளைக் கியர் பெட்டியோடு சேர்க்கும் ஒரு சிறிய புஷ் தேய்ந்தோ கழன்றோ போகக்கூடும் என்பதே காரணம். அது கழன்றால் கம்பி ‘பி’ என்று காட்டும், உள்ளே கியர் வேறாக இருக்கும். இந்த முறை ஒட்டுச்சீட்டோடு நிற்கவில்லை. புது புஷ்ஷைப் போட்டு, அதன்மேல் காப்பு மூடியும் இலவசமாகப் பொருத்திக் கொடுக்க முன்வந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, இறங்கும் முறை. கால் பிரேக்கை மிதித்தபடியே கைப்பிரேக்கை முழுதாக இழுங்கள். பிறகு ‘பி’யில் போடுங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். “இரண்டே நிமிடம்தான்” என்று எஞ்சினை ஓடவிட்டு இறங்க வேண்டாம். சாவியைக் காரில் விட்டுப் பிள்ளைகளை உள்ளே தனியாக உட்கார வைக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, கடிதம். கார் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தால் விளம்பரம் என்று தூக்கி எறியாதீர்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பாதுகாப்புக் குறைக்காகத் திரும்ப அழைத்தால் பழுதை இலவசமாக நீக்கித் தருவதே வழக்கம். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப் போடாதீர்கள்.

மூன்றாவது, பழைய கார் வாங்குபவர்களுக்கு. கடிதம் பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் போகும். நீங்கள் மூன்றாவது கையாக வாங்கியிருந்தால் முன்பு வந்த கடிதம் முதல் உரிமையாளர் வீட்டிலேயே தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். கார் கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு அந்தக் காரை விற்கும் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போங்கள். “இந்த எண்ணுள்ள காருக்கு ஏதாவது திருத்த வேலை பாக்கி இருக்கிறதா?” என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். உங்கள் பணம், உங்கள் குடும்பத்தின் உயிர்.

நான்காவது, கியர் நழுவினாலோ, ‘பி’யில் போட்டும் கார் அசைந்தாலோ பட்டறைக்காரரிடம் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். தேதி, இடம், நடந்தது என்ன என்று நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள். அந்த 23,000 புகார்களையும் எழுதியவர்கள் சாதாரண மக்களே. அவர்கள் எழுதியிராவிட்டால் ஒட்டுச்சீட்டுகூட வந்திருக்காது.

அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய கார் குடும்பத்தைச் சுமக்க வேண்டுமே தவிர, குடும்பத்துக்கு வினையாகக் கூடாது. இன்று மாலை வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குங்கள். கார் ஓட்டும் உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.