பறம்பு மக்கள்: பாட்டில் பாதி, கற்பனையில் பாதி

மதுரை மாட்டுத்தாவணியில் சிங்கம்புணரி பஸ் ஏறினால், மேலூர், கொட்டாம்பட்டி தாண்டிப் போய் இறங்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிரான்மலை. சங்ககாலச் சிற்றரசன் பாரி ஆண்ட பறம்பு இதுதான் என்பது பரவலான கருத்து. மதுரைக்காரரான சு. வெங்கடேசன் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'வீரயுக நாயகன் வேள்பாரி' இந்தப் பறம்பின் கதை. படித்து முடித்த பலரும் கேட்பது ஒன்றுதான்: அந்த மக்கள் நிஜமாக இருந்தவர்களா, கதைக்காகப் படைக்கப்பட்டவர்களா?

பாட்டு சொல்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். புறநானூற்றில் 105 முதல் 120 வரை பாரியையும் பறம்பையும் சுற்றியே பாட்டுகள். ஒன்றைத் தவிர எல்லாம் கபிலர் பாடியவை. அந்த ஒன்று பாரியின் பெண்மக்கள் பாடியது. பறம்பு நாட்டின் 300 ஊர்களும் பரிசிலருக்கே போய்விட்டன என்கிறது 110ஆம் பாட்டு. மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என உழாமலே கிடைக்கும் நான்கு உணவுகளை அடுக்குகிறது 109ஆம் பாட்டு. மூவேந்தர் முற்றுகையும் பாட்டிலேயே உண்டு.

நாவல் இதன்மேல் ஒரு சமூகத்தையே எழுப்புகிறது. மூவேந்தரால் அழிந்த குடிகள் பறம்பில் அடைக்கலம் புகுகின்றன. எவ்வியூர் தலைமை ஊராகிறது. எப்படி உட்கார வைத்தாலும் வடக்கே திரும்பிக்கொள்ளும் தேவாங்குக்காகக் கடலோடும் அரசுகள் அலைகின்றன. விலங்கு நிஜம்; கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவிய கடவூர்க் காட்டில் 2022-ல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். திசை காட்டும் வேலை நாவலாசிரியர் கொடுத்தது. காட்டில் இருக்கும் தேவாங்கு, பூச்சி இருக்கும் பக்கம்தான் பார்க்கும்.

கற்பனை நாவலில்தான் தொடங்கியது என்றும் நினைக்க வேண்டாம். முற்றுகையின்போது கிளிகள் பறந்துபோய் நெற்கதிர் கொண்டுவந்தன என்று அகநானூற்றுப் பாட்டுக்கு உரை எழுதியவர்களே சொல்கிறார்கள்.

மேல்நாட்டுக் கற்பனைக் கதைகளில் இப்படியொரு குடி வந்தால் அச்சு பெரும்பாலும் பழைய ஐரோப்பியக் குடிகளான கெல்டியர்தான். குன்றின்மேல் கோட்டை, குலத்தலைவன், பக்கத்தில் பாணன், எதிரே பேரரசு. 1959-ல் தொடங்கிய ஆஸ்ட்ரிக்ஸ் சித்திரக்கதையில் ரோமுக்குப் பணியாத சிற்றூர் அந்த வகைதான். ஆனால் கெல்டியரின் குருமார் தங்கள் போதனைகளை எழுதிவைக்கவில்லை, மனப்பாடமாகவே காத்தார்கள். அதனால் அவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, அவர்களை வென்ற சீசர் போன்றவர்கள் எழுதியது. பாரி கதை அப்படியல்ல. தோற்றவன் பக்கத்தில் நின்ற நண்பர் கபிலரே பாடியிருக்கிறார். வென்ற மூவேந்தரின் குரல்தான் அங்கே கேட்பதில்லை.

அதனால் நாவலோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் 16 பாட்டுகளையும் உரையோடு படியுங்கள். எல்லாம் சிறிய பாட்டுகள்; ஒரு மாலைப்பொழுது போதும்.